ஆறு கம்பியில் யாருக்கு எத்தனை?

பெரியப்பா இறந்த மூன்றாம் வாரம் அவருடைய ஈரறை வாடகை வீட்டைக் காலி செய்தோம். சாவியை வீவகவிடம் ஒப்படைக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். மத்திய சேம நிதியில் இருந்த பணத்துக்கு முன்பே பெயர் நியமித்து வைத்திருந்தார். வங்கியில் கிடந்தது காரியச் செலவுக்குச் சரியாகப் போனது. மிஞ்சியவை ஒரு மின்விசிறி, நான்கு எவர்சில்வர் டம்ளர், ஒரு ரேடியோ, அலமாரிக்கு மேலே பழைய வேட்டியில் சுற்றி வைத்த ஒரு கறுப்புப் பெட்டி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது தீபாவளிக்குத் தீபாவளி அது கீழே இறங்கும். 1980இல் வந்த ‘மூடுபனி’ படத்தில் வரும் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டின் கிட்டார் தொடக்கத்தை வாசிப்பார். யேசுதாஸ் பாட ஆரம்பிக்கும் இடத்தில் கையை எடுத்துவிட்டு, “மிச்சத்தை நீ பாடு” என்பார். இன்றும் காலை நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் போட்டால் அந்த இடத்தில் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அதனால் மைக்கை முன்கூட்டியே அணைத்துவிடுவேன். நேயர்கள் பிழைத்தார்கள்.

பெட்டியைத் திறந்தேன். ஹாஃப்னர் பிரசிடென்ட். வயிற்றில் வட்டத் துளை இல்லாமல், வயலினைப் போல இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். அதன் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே ஒட்டிய காகிதத்தில் வரிசை எண். இரண்டு கம்பி அறுந்திருந்தன, கழுத்து லேசாக வில்லைப் போல வளைந்திருந்தது. ஆனாலும் தேன் நிறம் அப்படியே இருந்தது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். மெல்பர்னில் இருக்கும் தம்பி ஒரு நிமிடத்தில் பதில் அனுப்பினான்: “வித்துடலாமா அக்கா?” அம்மா குரல் பதிவு அனுப்பினார்: “எங்க கொண்டாந்து வைக்கப் போற? இங்க இடம் இல்ல.” நான் யாருக்கும் சொல்லாமல் என் அறைச் சுவரில் ஆணி அடிக்க இடம் பார்த்துவிட்டேன். அத்தை மட்டும் படத்தைப் பார்த்தார். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை.

*

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் பொருள் யாருக்கு? பலர் “மூத்தவன் முடிவு செய்வான்” என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. மற்றவர்களில் மனைவி, மக்கள், பெற்றோர் யாரும் இல்லாமல் ஒருவர் இறந்தால் உடன்பிறந்தவர்களுக்குச் சம பங்கு. உடன்பிறந்தவர் முன்பே இறந்திருந்தால் அவர் பங்கு அவர் பிள்ளைகளுக்கு. பெரியப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் இருவர், என் அப்பாவும் அத்தையும். அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

ஆக, ஆறு கம்பியில் அத்தைக்கு மூன்று. எனக்கு ஒன்றரை, தம்பிக்கு ஒன்றரை. அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது, ஆனாலும் கருத்து உண்டு. 2008க்குப் பிறகு இறப்பவர்களின் சொத்துக்கு இங்கே மரபுரிமை வரியும் கிடையாது. சட்டத்தைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவு சுலபம்.

ஒரு சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் போனேன். அங்கே பெனின்சுலா கட்டடங்களில் மாடிக்கு மாடி கிட்டார் கடைகள். ரிப்பேர் செய்கிறவர் ஒரு சீனப் பெரியவர். கிட்டாரைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் செய்தது மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தது. “அலமாரிக்கு மேல் வைத்திருந்தீர்களா?” என்றார்.

நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மரக் கிட்டாருக்கு வேண்டியது 45 முதல் 55. ஈரத்தில் மரம் உப்பும், பசை இளகும், கம்பியின் இழுப்பு கழுத்தை மெல்ல வளைக்கும். குளிர்சாதன அறையில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பகலெல்லாம் ஈரம், இரவில் எட்டு மணி நேரம் உலர்ந்த குளிர் என்ற ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரம் நீக்கும் பெட்டி போதும், அல்லது உறைக்குள் சிலிக்கா பைகள். வாசிக்காமல் வருடக்கணக்கில் வைப்பதாக இருந்தால் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். இன்னொன்றும் சொன்னார். பழைய கிட்டாரைக் கண்டதும் நம் கை பாலிஷ் போடத் துடிக்குமாம், துருப்பிடித்த திருகாணியை மாற்றத் தோன்றுமாம். வேண்டாம். பழைய பூச்சு, பழைய திருகாணி, பழைய பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

“இது பபன்ராய்த்தில் செய்தது” என்றார். அது தெற்கு ஜெர்மனியில் ஒரு கிராமம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஷோன்பாக் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக வயலினும் கிட்டாரும் செய்துவந்த ஜெர்மானியக் குடும்பங்கள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டன. அவர்களில் பலரை அழைத்துக் குடியமர்த்திக்கொண்ட கிராமம் பபன்ராய்த். ஹாஃப்னர் குடும்பமும் அங்கேதான் புதிதாகப் பட்டறை போட்டது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் செய்த கருவி, செம்பவாங்கில் ஊர் விட்டு ஊர் வந்தவர் வீட்டுப் பையன் கையில் சேர்ந்திருக்கிறது. இதைக் கேட்டதும் சுவரில் மாட்டும் ஆசை எனக்கு இரட்டிப்பானது. வானொலிக்காரர்களுக்கு இப்படிப்பட்ட கதை கிடைத்தால் விடமாட்டோம்.

கழுத்தை நேராக்கி, பிளந்த ஓரத்தை ஒட்டி, கம்பி மாற்ற 420 வெள்ளி. சரிசெய்து விற்றால் 1,500 வெள்ளி போகலாம், விரும்பி வாங்குகிறவர் அமைந்தால் 1,800.

“அவ்வளவுதானா?”

“பால் மெக்கார்ட்னி வாசித்ததா?”

இல்லை. மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் பேஸ் கிட்டாரின் கதை வேறு. 1961இல் ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கியது, 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 2024இல் அவரிடமே திரும்பிவிட்ட செய்தி வந்தது. அந்த வீட்டாருக்கு அது குடும்ப வழியில் வந்த பொருள். பரணில் இருப்பது நமக்கு வந்ததுதான், ஆனால் நம்முடையதுதானா என்ற கேள்வி அன்று எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் மரத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலக் கிட்டார்கள் பலவற்றில் பிரேசில் ரோஸ்வுட் உண்டு. 1992 முதல் அது அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மரம். இங்கே அனுமதிச் சீட்டு தருவது தேசியப் பூங்காக் கழகம். பிரேசில் மரம் அருகியபோது உலகக் கிட்டார் பட்டறைகள் பல திரும்பிப் பார்த்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து ஈட்டி மரத்தை. அதன் ஏற்றுமதிக்கும் விதிகள் வந்துவிட்டன, ஆனால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 முதல் விலக்கு உண்டு.

*

அத்தையைப் பார்க்கத் தேக்காவுக்கு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலை, கோமள விலாஸ். வடையும் காப்பியும் வந்த பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். விற்க வேண்டாம். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பொருளைவிட அதன் கதைதான் முக்கியம். நம்மிடம் கதை இருக்கிறது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனதும் தெருவுக்குத் தெரு பையன்கள் கிட்டார் குழு தொடங்கினார்கள். 1964இல் குவெஸ்ட்ஸ் குழுவின் ‘ஷான்டி’ இங்குள்ள தரவரிசையில் பீட்டில்ஸ் பாட்டையே கீழே இறக்கியது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன், செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில்...

“அதை எப்ப வாங்கினான் தெரியுமா?” என்றார் அத்தை.

தெரியாது.

“அறுபத்தொம்பதுல. வெள்ளைக்காரன் ஊருக்குப் போறான்னு எல்லாத்தையும் வித்துட்டுக் கெளம்புறான். ஒரு சோல்ஜர்கிட்ட வாங்கினான். 180 வெள்ளி.”

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. தளத்தை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தா அங்கே ஸ்டோரில் வேலை பார்த்தவர். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத அந்த வருடத்தில், 22 வயது மூத்த மகனுக்கு 180 வெள்ளி எங்கிருந்து வந்தது?

“அம்மா சீட்டுப் போட்டு எடுத்து வெச்சிருந்தாங்க. எனக்கு. டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் கிளாசுக்கு. ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கலாம்னு.” வடையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார். “அரிசி டின்னுக்குள்ள இருந்துச்சு. எடுத்துட்டுப் போயிட்டான்.”

அத்தைக்கு அப்போது 16. அமெரிக்க எலக்ட்ரானிக் தொழிற்சாலைகள் இங்கே வரத் தொடங்கியிருந்த நேரம். ஒன்றில் சேர்ந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை. இருபத்தாறு வருடம். அத்தையின் தடித்த கண்ணாடியை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“அவரு மன்னிப்புக் கேட்டாரா?”

“அவனா? கிட்டாரும் ரெண்டு வருஷந்தான். அப்புறம் முடி வளத்தா கவர்மென்ட் ஆபீஸ்ல கடைசியாத்தான் கூப்பிடுவான்னு போஸ்டர் ஒட்டிட்டாங்க. கிளப்பெல்லாம் மூடிட்டான். முடியை வெட்டிட்டுக் கப்பல் பட்டறைல சேந்துட்டான். அதுக்கா என் டைப்பிங்கு போச்சு?”

பிறகு சாதாரணமாக, காப்பிக்குச் சர்க்கரை கேட்பதுபோல் சொன்னார்: “உன் யுனிவர்சிட்டிக்கு மொத வருஷ ஃபீஸ் யாரு கட்டினா?”

பெரியப்பா. எல்லோருக்கும் தெரியும். அப்பா வேலையில்லாமல் இருந்த வருடம். ஊடகத் துறையா, அதில் என்ன வேலை கிடைக்கும் என்று வீடே கேட்டபோது அவர் மட்டும் காசோலையோடு வந்தார்.

“எனக்குக் கட்ட வேண்டியதை உனக்குக் கட்டிட்டான். நான் ஒண்ணும் சொல்லல. நீ ரேடியோல பேசுறப்போ கேக்குறேன்ல.”

நான் மைக் முன்னால் நிமிடத்துக்கு 150 சொற்கள் பேசுகிறவள். அன்று ஒரு சொல் வரவில்லை.

பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். ஞாயிறு மாலை, நடைபாதை முழுக்க ஊழியத் தம்பிகள், நடப்பதற்கே இடமில்லை. கேம்பல் லேன் முனையில் மல்லிகைப்பூச் சரத்துக்குக் கீழே நின்று, மரபுடைமை நிலையத்தின் கண்ணாடிச் சுவரை அத்தை அண்ணாந்து பார்த்தார். “அங்க வெச்சா, பக்கத்துல எழுதி வைப்பாங்கல்ல? என் சீட்டுப் பணத்தையும் எழுதுவாங்களா?”

எழுதச் சொல்லலாம். நல்ல அருங்காட்சியகம் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆனால் அத்தை அதைக் கேட்ட விதத்தில், எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்றும் புரிந்தது.

*

அன்றிரவு தூக்கமில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு இசைக் குடும்பக் கதைகள் மாறி மாறி வந்தன. இரண்டையும் நான் வானொலியில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

1968இல் இளையராஜாவும் அண்ணனும் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பியபோது, அம்மா சின்னத்தாயி வீட்டில் இருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் முழுப் பணத்தையும் மகன்கள் கையில் கொடுத்தார். இது விற்ற கதை.

1976இல் இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் இறந்தபோது மகன் ஏ.ஆர். ரஹ்மானுக்கு ஒன்பது வயது. வீட்டில் சேகர் வாங்கிச் சேர்த்த இசைக்கருவிகள். அதை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டு வட்டியில் சாப்பிடலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். ரஹ்மானின் அம்மா மறுத்துவிட்டார். கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். பின்னால் மகன் அதே கருவிகளோடுதான் வளர்ந்தான். இது வைத்துக்கொண்ட கதை.

நிகழ்ச்சியில் இவற்றைச் சொல்லும்போது நான் எப்போதும் மகன் எப்பேர்ப்பட்ட மேதை ஆனான் என்பதில் போய் முடிப்பேன். விளம்பர இடைவேளைக்கு முன் அதுதான் எடுபடும். இரண்டு வீட்டிலும் முடிவெடுத்தவர் அந்தக் கருவியை வாசிக்கத் தெரியாத ஒரு பெண் என்பதை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எதை விற்பது, எதை வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்ததற்குக் காரணம் சங்கீத ஞானம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கொடுத்த விலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் அந்த விலை தெரிந்த ஒரே ஆளிடம் நான் சுவர், ஆணி, அருங்காட்சியகம் என்று பேசியிருக்கிறேன்.

காலையில் தம்பியை அழைத்தேன். அவனுக்கும் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தான். “என் ஒன்றரைக் கம்பியும் அத்தைக்கு” என்றான். நிகழ்ச்சி முடிந்ததும் யீஷுனுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன்: “ஆறு கம்பியும் உங்களுதுதான். விக்கிறதோ உடைக்கிறதோ உங்க இஷ்டம்.”

நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். “நீ ரேடியோல ஒருவாட்டி சொன்னியே, ரஹ்மான் அம்மா என்ன செஞ்சாங்க?” என்றார்.

“வாடகைக்கு விட்டாங்க.”

“அப்ப வாடகைக்கு விடு.”

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

பெனின்சுலா பெரியவரிடம் விசாரித்தேன். அவருக்குத் தெரிந்த ஒரு பையன், வயது 24, கல்யாண வரவேற்புகளிலும் சின்ன மேடைகளிலும் பழைய தமிழ்ப் பாட்டு வாசிக்கும் குழுவில் இருக்கிறான். இப்படியொரு கிட்டாரைச் சொந்தமாக வாங்க இப்போது வசதியில்லை. மாதம் 45 வெள்ளி, முன்பணம் 200, ஈரம் நீக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும், அலமாரிக்கு மேல் வைக்கக் கூடாது. நிபந்தனைகளை அத்தை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். ரிப்பேர் செலவு 420 யாருடையது என்று கேட்டேன். “நீதானே தூக்கிட்டு ஓடின” என்றார். கட்டினேன்.

வாடகை நேராக அத்தை கணக்குக்குப் போகிறது. என் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அதில் இப்போது நாள்காட்டி தொங்குகிறது.

சென்ற வாரம் நான்காம் மாத வாடகை வந்தது. நாலு நாற்பத்தைந்து 180. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அத்தைக்குச் செய்தி அனுப்பினேன்: “அத்தை, சீட்டுப் பணம் வந்துவிட்டது.” குரல் பதிவில் பதில் வந்தது. “மொதல் வந்துருச்சு. அம்பது வருஷத்துக்கு மேல வட்டி இருக்கே, அதைப் போட்டியா?”

தம்பி அதை எக்செல்லில் போட்டுக்கொண்டிருக்கிறான். எந்த வட்டி விகிதம் என்பதில் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு குரல் பதிவும் இருந்தது. அந்தப் பையன் வரும் சனிக்கிழமை எங்கே வாசிக்கிறான், எத்தனை மணிக்கு, யீஷுனிலிருந்து எந்த பஸ் என்று கேட்டிருந்தார். எதற்கு அத்தை என்றேன்.

“வாடகைக்கு விட்ட சாமான். எப்படி வெச்சிருக்கான்னு பாக்க வேணாமா?”